தபால்தலை சேர்ப்போர் பல விதம்

ஒருவருடைய குணத்தை அறிய வேண்டுமானால் அவர் ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறார் என்று பார்த்தாலே போதும். பாடமும் வேலையும் பிறர் சொல்லி நாம் செய்பவை. பொழுதுபோக்கோ நாமே விரும்பிச் செய்வது. ஆகவே அதில் நம் உண்மையான இயல்பு ஒளிவுமறைவின்றி வெளிப்பட்டுவிடுகிறது.

நம் பள்ளியின் தபால்தலைக் கழகத்தில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள மாணவியர் வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி முடிந்ததும் கூடுகிறோம். எல்லோரும் சேர்ப்பது ஒரே பொருளைத்தான். ஆனால் சேர்க்கும் விதம் ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது. உலகப் புகழ் பெற்ற சேகரிப்பாளர்களின் வரலாற்றைப் படித்தபோது அவர்களிடமும் இதே வேறுபாடுகளைக் கண்டு வியந்தோம். அவர்களை வகைப்படுத்திக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். இதைப் படிக்கும் தோழியர் ஒவ்வொருவரும், "இவர்களில் நான் யார்?" என்று தம்மையே கேட்டுக்கொள்வார்களாக!

தபால்தலையின் பிறப்பு

முதலில் சிறிது வரலாறு. உலகின் முதல் தபால்தலையான 'பென்னி பிளாக்' இங்கிலாந்தில் 1840-ஆம் ஆண்டு மே 1-ஆம் நாள் வெளியிடப்பட்டது. மே 6 முதல் செல்லுபடியாயிற்று. அதற்கு முன் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே கட்டணம் செலுத்தினார். தூரத்துக்கேற்பக் கட்டணமும் ஏறியது. அனுப்புபவரே முன்கூட்டி ஒரு பென்னி செலுத்தினால் நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் போகலாம் என்ற சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தவர் ரோலண்ட் ஹில்.

ஆசியாவில் முதன்முதலாகத் தபால்தலை வெளிவந்தது, அன்று பிரிட்டிஷ் இந்தியாவைச் சேர்ந்திருந்த சிந்து மாகாணத்தில். 1852-இல் பார்ட்டில் பிரேர் என்ற அதிகாரி வெளியிட்ட அதன் பெயர் 'சிந்து டாக்'. அதில் சிவப்பு நிறத்தில் வந்தது அரக்கால் ஆனதால் எளிதில் நொறுங்கிவிட்டது. எஞ்சியவை மிகச் சில. நொறுங்கிப் போகும் பொருளுக்கு மதிப்பு கூடுவது வேடிக்கை அன்றோ!

இனி வகைகளைக் காண்போம்.

1. குவிப்போர்

"உன்னிடம் எத்தனை இருக்கிறது?" இதுவே இவர்கள் கேட்கும் முதல் கேள்வி. எந்த நாடு, எந்த ஆண்டு என்பதெல்லாம் பிறகுதான். உறையைக் கண்டால் உடனே கிழிப்பர். பழைய டப்பா, நோட்டுப் புத்தகம், பென்சில் பெட்டி எல்லாவற்றிலும் தபால்தலை நிறைந்து வழியும். சேரும்போது இவர்களிடம் உள்ள ஆர்வம் வேறு எவரிடமும் இராது.

இவர்களுக்கெல்லாம் அரசர் என்று பிலிப் வான் பெராரியைச் சொல்லலாம். 1850-இல் பாரிசில் பிறந்த இவர் பெருஞ்செல்வர். உலகில் உள்ள அனைத்துத் தபால்தலைகளையும் சேர்த்துவிட வேண்டும் என்பது இவர் கனவு. மிக அரியவை பலவும் இவரிடமே இருந்தன. தம் சேகரிப்பைப் பெர்லின் அஞ்சல் அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்துவிட்டு 1917-இல் காலமானார். அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரெஞ்சு அரசு அதைப் பகைநாட்டுச் சொத்தாகக் கருதிப் பறிமுதல் செய்து, 1921 முதல் 1925 வரை பகுதி பகுதியாக ஏலம் விட்டது. வாழ்நாள் முழுவதும் ஒருவர் சேர்த்தது நாலா திசைகளிலும் சிதறிப் போயிற்று.

குவிப்போர் இன்றிக் கழகம் தொடங்காது. ஆனால் குவியல் மட்டும் சேகரிப்பு ஆகிவிடாது.

2. ஒழுங்குபடுத்துவோர்

இவர்கள் குவிப்போருக்கு நேர் எதிர். ஐம்பதே தபால்தலைகள் இருந்தாலும் அவை நாடுவாரியாக, ஆண்டுவாரியாக, அளவெடுத்தாற்போல் ஆல்பத்தில் நிற்கும். தபால்தலையை விரலால் தொடமாட்டார்கள், இடுக்கியால்தான் எடுப்பார்கள். விரலின் எண்ணெய்ப் பசையும் ஈரமும் தாளைக் கெடுக்கும் என்பதை இவர்களே நமக்குக் கற்றுக் கொடுத்தவர்கள்.

இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் இவ்வகையினர். அவருடைய சேகரிப்பு 328 சிவப்பு ஆல்பங்களில் வரிசையாக அடுக்கப்பட்டது. அவர் இளவரசராக இருந்தபோது 1904-இல் மொரீஷியஸ் நாட்டின் இரண்டு பென்னி நீலத் தபால்தலையை 1,450 பவுனுக்கு ஏலத்தில் வாங்கினார். "யாரோ ஒரு முட்டாள் ஒரு தபால்தலைக்கு இத்தனை பணம் கொடுத்தானாமே, கேள்விப்பட்டீர்களா?" என்று அரண்மனை அதிகாரி ஒருவர் அவரிடமே கேட்க, அந்த முட்டாள் தாமே என்று அவர் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு.

இவர்களிடம் உள்ள குறை ஒன்றே. ஆல்பம் அழுக்காகிவிடும் என்று பிறருக்குக் காட்டவே தயங்குவார்கள். காட்டாத ஆல்பம் பூட்டிய நூலகம் போன்றது.

3. ஆராய்வோர்

கையில் பூதக்கண்ணாடி இல்லாமல் இவர்களைக் காண இயலாது. படத்தைப் பார்ப்பதற்கு முன் தபால்தலையின் முதுகைப் பார்ப்பார்கள். தாளினுள் நீர்க்குறி இருக்கிறதா, ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு எத்தனை துளைகள், நிறம் சிறிதேனும் மாறியிருக்கிறதா என்றெல்லாம் ஆராய்வார்கள். ஒரே படம் உள்ள இரண்டு தபால்தலைகள் உண்மையில் வெவ்வேறு காலத்தில் அச்சானவை என்பதை இவர்களே கண்டுபிடிப்பர்.

ஓர் எடுத்துக்காட்டு. 1854-இல் கல்கத்தாவில் அச்சான நாலணாத் தபால்தலையில் சட்டம் சிவப்பு, விக்டோரியா மகாராணியின் தலை நீலம். இரு நிறம் ஆகையால் ஒரே தாளை இருமுறை அச்சிட வேண்டும். இரண்டாம் முறை தாளைத் தலைகீழாக வைத்துவிட்டதால் சிலவற்றில் மகாராணியின் தலை கவிழ்ந்துவிட்டது! அச்சிடும் முறையை அறிந்தவருக்கே இப்பிழை எப்படி நேர்ந்தது என்பது புரியும்.

பெண்களும் இத்துறையில் தொடக்கத்திலேயே இருந்தனர். அடிலெய்ட் லூசி பென்டன் என்ற ஆங்கிலப் பெண்மணி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தபால்தலைகளைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். ஆனால் அவர் பயன்படுத்திய பெயர் 'ஹெர்பர்ட் கமோயன்ஸ்' என்ற ஆண்பெயர்! இன்று நாம் நம் சொந்தப் பெயரிலேயே எழுத முடிகிறதே என்று எண்ணி மகிழ்கிறோம்.

ஆராய்வோரின் குறை யாது? "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டுவிடுவதே. இந்த ஒரு கேள்வியால் கழகத்தை விட்டே போன சிறு பிள்ளைகள் உண்டு. அறிவு உயர உயரக் குரல் தாழ வேண்டும்.

4. கதை தேடுவோர்

இவர்களுக்கு விலையும் வேண்டாம், நீர்க்குறியும் வேண்டாம். தபால்தலை சொல்லும் செய்தியே வேண்டும். ஒருத்தி பறவைகளை மட்டும் சேர்ப்பாள். மற்றொருத்தி புகைவண்டிகளை மட்டும் சேர்ப்பாள். நம் கழகத்தில் ஒரு தோழி தமிழ்ப் புலவர்களைச் சேர்க்கிறாள். 1960-ஆம் ஆண்டில் வெளிவந்த திருவள்ளுவர் தபால்தலையும், அதே ஆண்டில் வந்த பாரதியார் தபால்தலையும் அவளுடைய ஆல்பத்தின் முதல் பக்கத்தை அலங்கரிக்கின்றன. சுதந்திர இந்தியாவின் முதல் தபால்தலையான, மூவர்ணக் கொடி பொறித்த மூன்றரை அணாத் தபால்தலை 1947 நவம்பர் 21-இல் வெளிவந்தது என்பதை நாங்கள் வரலாற்றுப் பாடத்தில் படிக்கவில்லை. இத்தகைய ஓர் ஆல்பத்திலிருந்தே அறிந்தோம்.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் சிறுவயது முதலே தபால்தலை சேர்த்தவர். 1921-இல் நோயால் கால்கள் செயலிழந்தபோது, படுக்கையில் அவருக்குத் துணையாக இருந்தவற்றுள் இந்த ஆல்பங்களும் அடங்கும். பின்னர் பதவியில் இருந்தபோது தாமே சில தபால்தலைகளுக்கு மாதிரி வரைந்து கொடுத்தார். நடக்க இயலாதவரை உலகம் முழுவதும் அழைத்துச் சென்றது சிறு காகிதத் துண்டு என்றால் மிகையாகாது.

5. மாற்றிக்கொள்வோர்

தன்னிடம் இரண்டு இருந்தால் ஒன்றைக் கொடுத்து, இல்லாததைப் பெறுவது இவர்கள் வழி. இதில் தவறில்லை; மாற்றாமல் எவர் ஆல்பமும் வளராது. 1863-இல் இங்கிலாந்தில் பிளிமத் நகரில் ஸ்டான்லி கிப்பன்ஸ் என்ற இளைஞர் இரண்டு மாலுமிகளிடமிருந்து ஒரு மூட்டை நிறைய நன்னம்பிக்கை முனை முக்கோணத் தபால்தலைகளை ஐந்து பவுனுக்கு வாங்கிப் பல மடங்கு லாபம் பெற்றார். அவர் பெயரால் அமைந்த நிறுவனமே பின்னாளில் உலகப் புகழ் பெற்ற விலைப்பட்டியலை வெளியிட்டது.

ஆனால் இங்கேதான் நாம் நின்று நிதானித்துச் சிந்திக்க வேண்டும்.

1856-இல் பிரிட்டிஷ் கயானாவில் இங்கிலாந்திலிருந்து தபால்தலைகள் வந்து சேரத் தாமதமானதால், உள்ளூர் அச்சகத்திலேயே அவசரமாகச் சில அச்சிடப்பட்டன. அவற்றுள் ஒரு சென்ட் தபால்தலை ஒன்றை 1873-இல் லூயி வான் என்ற 12 வயதுச் சிறுவன் தன் வீட்டுப் பழைய காகிதங்களுக்கிடையே கண்டெடுத்தான். மூலைகள் வெட்டுண்டு, நிறம் மங்கியிருந்த அதை ஆறு ஷில்லிங்குக்கு விற்றுவிட்டு அழகான புதிய தபால்தலைகள் வாங்க எண்ணினான். அதுவே பிற்காலத்தில் பெராரியிடம் போய்ச் சேர்ந்து, 2014-இல் நியூயார்க்கில் சுமார் 95 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அதை அவனிடம் வாங்கியவருக்கும் அன்று அதன் அருமை முழுவதும் தெரியாது. ஆகவே அங்கே ஏமாற்று ஏதுமில்லை. ஆனால் தெரிந்திருந்தும் ஒருவர் வாய் திறவாதிருந்தால்?

சென்ற ஆண்டு எங்கள் கழகத்திலேயே இக்கேள்வி எழுந்தது. ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி பழைய கடித உறை ஒன்றைக் கொண்டுவந்தாள். சென்னையில் வேலை பார்த்த அவளுடைய கொள்ளுத் தாத்தா ஊரிலிருந்த மனைவிக்கு எழுதிய கடிதத்தின் உறை அது. அதில் 1948 ஆகஸ்டு 15-இல் வெளியான காந்தியடிகள் தபால்தலைகளுள் ஒன்றான ஒன்றரை அணாத் தபால்தலை ஒட்டியிருந்தது. மேல் வகுப்பு அக்கா ஒருத்தி அதற்குப் பதிலாகப் பத்து வெளிநாட்டுத் தபால்தலைகளைக் கொடுத்தாள். பளபளவென்று பூவும் மீனும் விண்கலமும் அச்சிட்டவை. தங்கை துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அந்தப் பத்தும் எத்தகையவை? 1960-களிலும் 1970-களின் தொடக்கத்திலும் அஜ்மான், புஜைரா போன்ற சிறு வளைகுடா நாடுகளின் பெயரால் சேகரிப்பாளருக்கு விற்பதற்கென்றே ஏராளமாகத் தபால்தலைகள் அச்சிடப்பட்டன. பலவற்றில் முத்திரையும் அச்சகத்திலிருந்தே வந்தது. முத்திரை விழுந்திருந்தும் பின்புறம் பிசின் அழியாமல் இருந்தால், அது எந்தக் கடிதத்திலும் ஒட்டப்படவில்லை என்று அறியலாம். அந்த அக்காவுக்கு இது தெரியும், தங்கைக்குத் தெரியாது.

அடுத்த வாரம் தங்கையின் அம்மா பள்ளிக்கு வந்தார். "காசு போனதைப் பற்றிக் கவலையில்லை, சிஸ்டர். தாத்தா கையெழுத்துள்ள உறை வீட்டில் அது ஒன்றுதான் இருந்தது" என்றார். சிஸ்டர் எவரையும் கடிந்துகொள்ளவில்லை. "இது உங்கள் கழகம். நீங்களே பேசி முடிவு செய்யுங்கள்" என்று கூறிவிட்டார்.

"அவள் சம்மதித்துத்தானே கொடுத்தாள்? நான் பிடுங்கிக்கொள்ளவில்லையே!" என்றாள் அக்கா. சிலர் அதை நியாயம் என்றனர். அப்போது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "அக்கா, உங்களுக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரிந்திருந்தால் சம்மதித்திருப்பாளா?" என்று கேட்டாள். அதற்கு எவரிடமும் பதில் இல்லை. வெகுநேரம் கழித்து அக்கா தன் ஆல்பத்தைத் திறந்து, காந்தியடிகள் தபால்தலையை எடுத்துத் தங்கையின் கையில் வைத்தாள். ஆனால் உறை திரும்பி வரவில்லை. தபால்தலையை நீரில் ஊறவைத்துப் பிரித்தெடுத்தபின் உறை குப்பைக் கூடைக்குப் போய்விட்டது. சந்தையில் அந்தத் தபால்தலையின் விலை பெரிதல்ல, வேறொன்று வாங்கிவிடலாம். தாத்தாவின் கையெழுத்தை எந்தக் கடையில் வாங்குவது?

அன்று முதல் எங்கள் கழகத்தில் இரண்டு விதிகள் உள்ளன. ஒன்று: மாற்றிக்கொள்ளும்போது விவரம் தெரிந்தவர் தெரியாதவருக்கு முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும், அதன்பின் வீட்டில் கேட்டுவர ஒரு வாரம் தவணை. இரண்டு: பழைய உறையிலிருந்து தபால்தலையைப் பிரிக்கலாகாது. முத்திரையில் ஊரும் நாளும் இருக்கின்றன. உறையில் ஒரு குடும்பத்தின் கதை இருக்கிறது.

6. போலி செய்வோர்

இவர்கள் கழகத்தில் இருக்கக் கூடாதவர்கள். எனினும் வரலாற்றில் இருக்கிறார்கள். இத்தாலியில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த ழான் டி ஸ்பெராட்டி நிபுணர்களையே ஏமாற்றும்படி அரிய தபால்தலைகளைப் போல அச்சிட்டார். 1942-இல் அவர் போர்ச்சுகலுக்கு அனுப்பிய தபால்தலைகளைச் சுங்க அதிகாரிகள் பிடித்து, விலையுயர்ந்த பொருளை அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பினார் என்று வழக்குத் தொடர்ந்தனர். அவை தாமே செய்த போலிகள் என்று அவர் கூறினார். நிபுணர்களோ அவை அசல் என்று சான்றளித்தனர்! தம் பொய்யைத் தாமே மெய்ப்பிக்க வேண்டிய நிலைமை வந்தது அவருக்கு. 1954-இல் அவருடைய போலிகளையும் கருவிகளையும் பிரிட்டிஷ் தபால்தலைச் சங்கம் விலைகொடுத்து வாங்கியது, மேலும் எவரும் ஏமாறாதிருப்பதற்காக.

எத்தகைய கூரிய கண்! எத்தகைய கைத்திறன்! ஆராய்வோருக்கு இருந்த அறிவே இவருக்கும் இருந்தது. அதைப் பிறருக்கு எதிராகப் பயன்படுத்தியதுதான் வேறுபாடு.

7. கொடுப்போர்

தாமஸ் டாப்ளிங் என்பவர் இங்கிலாந்துப் பாராளுமன்ற உறுப்பினர். தம் காலத்தின் மிகச் சிறந்த சேகரிப்புகளுள் ஒன்றை உருவாக்கிய அவர் 36 வயது நிறையுமுன்பே 1891-இல் காலமானார். தம் சேகரிப்பு முழுவதையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்திருந்தார். பெராரியுடையது சிதறியது, டாப்ளிங்குடையதோ இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் ஒன்றாக இருந்து ஆராய்வோருக்குப் பயன்படுகிறது.

கொடுப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. எங்கள் கழகத்தில் அதிகம் பேசாத தோழி ஒருத்தி இருக்கிறாள். அவள் அப்பா வேலை செய்யும் அலுவலகத்துக்கு வரும் உறைகளைச் சேர்த்துக்கொண்டு வருவாள். புதிதாகச் சேரும் ஒவ்வொரு சிறு பிள்ளைக்கும் முதல் பத்துத் தபால்தலைகளை அவள்தான் கொடுப்பாள். அவளுடைய ஆல்பம் மெலிந்தது. ஆனால் எங்கள் எல்லோருடைய ஆல்பங்களிலும் அவள் இருக்கிறாள்.

முடிவுரை

தோழியரே! இந்த ஏழு வகையையும் படித்தபின் எவரையும் சுட்டிக்காட்டி, "நீ இந்த வகை" என்று முத்திரை குத்திவிட வேண்டாம். முத்திரை தபால்தலைக்கு, மனிதருக்கு அன்று. குவிப்பவள் நாளை ஒழுங்கு கற்பாள். ஆராய்பவள் கதை கேட்கப் பழகுவாள். உறையைத் தொலைத்த அந்த அக்காதான் இன்று சிறியவர்களுக்கு விலைப்பட்டியல் பார்க்கக் கற்றுக் கொடுக்கிறாள்.

குவிப்பவரின் ஆர்வம், ஒழுங்குபடுத்துபவரின் பொறுமை, ஆராய்பவரின் கூர்மை, கதை தேடுபவரின் கற்பனை, மாற்றிக்கொள்பவரின் சாமர்த்தியம் ஆகிய யாவும் ஒரு கழகத்துக்குத் தேவை. நல்ல சேகரிப்பாளரையும் தீய சேகரிப்பாளரையும் பிரிப்பது இந்தக் குணங்கள் அல்ல. அதிகம் தெரிந்தவர், குறைவாகத் தெரிந்தவரிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதே உரைகல். தபால்தலைக்கு மட்டுமா இது? வகுப்பறையிலும், கடைவீதியிலும், நாளை நாம் செய்யப்போகும் பணியிலும் இதுவே உரைகல் அன்றோ!

இன்று கடிதம் எழுதுவோர் குறைந்துவிட்டனர். செய்திகள் கைபேசியில் பறக்கின்றன. ஆகவே வீட்டுப் பரணிலும் பழைய பெட்டியிலும் உள்ள உறைகள் மேலும் அருமையாகிவிட்டன. பெற்றோர்களே, அவற்றை எடைக்குப் போடுமுன் பிள்ளைகளை அழைத்து ஒருமுறை காட்டுங்கள். யார் யாருக்கு எழுதியது என்று சொல்லுங்கள். தங்கையரே, ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் தபால்தலை ஆர்வலருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை வழங்க அஞ்சல் துறை 2017-இல் 'தீன் தயாள் ஸ்பர்ஷ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதைப் பற்றித் தலைமை அஞ்சலகத்தில் விசாரியுங்கள்.

கழகத்தில் சேர ஆல்பம் வேண்டாம், பணம் வேண்டாம். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு நூலகத்துக்கு வாருங்கள். முதல் பத்துத் தபால்தலைகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன.